கடைசிச் சொல்லும் கேட்கட்டும்

கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் எம்மில் பலருக்குப் பேச்சு வருகிறது. "இதைச் சொல்லியிருக்கலாம், அதையும் கேட்டிருக்கலாம்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அப்போது குரல் தெளிவாக இருக்கிறது, சொல் தடுமாறுவதில்லை. ஆனால் கேட்க வேண்டியவரோ வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களுக்குக் கூட்டம் என்பது பொழுதுபோக்கு அல்ல. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். யுத்த காலத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்களும் வடக்கிலிருந்து வந்து சேர்ந்தன. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. ஆயினும் வயல் ஓரிடம், வீடு வேறோரிடம், வாக்காளர் இடாப்பு இன்னோரிடம் என்ற நிலை பல குடும்பங்களுக்கு அதன் பின்னரும் நீடித்தது. இந்த மூன்றையும் ஒன்று சேர்க்க வேண்டுமானால் எங்காவது ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று பேசித்தான் ஆக வேண்டும்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு ஆட்களைத் தெரிவு செய்யக் காணிக் கச்சேரி கூடுகிறது. போகம் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நடமாடும் சேவை வருகிறது. 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவும், 2016இல் ஊர் ஊராகச் சென்ற நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணியும் பொதுமக்களை நேரில் கேட்டன. அச்செயலணிக்கு மட்டும் 7,000க்கும் மேற்பட்ட சமர்ப்பணங்கள் கிடைத்தன. இத்தகைய இடங்களில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. அந்தச் சில நிமிடங்களில் சொன்னது கேட்டதா, கேட்டது பதிவானதா என்பதில் ஒரு குடும்பத்தின் காணியே தங்கியிருக்கக்கூடும்.

என்ன பேசுவது என்பதை நாம் ஓரளவு ஆயத்தம் செய்கிறோம். எப்படிப்பட்ட குரலில் பேசுவது என்பதைப் பற்றி நினைப்பதே இல்லை. இக்கட்டுரை அதைப் பற்றியதே.

எமக்குக் குரல் இல்லையா?

"எனக்குப் பேச்சு வராது, குரலும் இல்லை" என்று சொல்லிப் பின்வாங்குவோர் எம்மிடையே பலர். இது உண்மையல்ல. புத்தளத்துக்கு வடக்கே பழைய மன்னார் வீதியில், வில்பத்துக் காட்டின் ஓரத்தில், கலா ஓயா கடலை நெருங்கும் பகுதியில் உள்ள எலுவன்குளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு இரவில் யானைக்குக் காவல் இருப்பவர் எழுப்பும் குரல் ஒன்று. பக்கத்துப் பரணில் இருப்பவருக்கு "விழித்திருக்கிறேன்" என்று அறிவிக்கும் குரல் வேறொன்று. மாட்டை அதட்டும் குரல், அதே மாட்டைத் தடவிக் கொடுக்கும் குரல், ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடும் நீண்ட குரல் என்று ஒரு நாளைக்குள் எத்தனையோ.

பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தாலாட்டு, அதட்டல், விலை பேசுதல், செத்த வீட்டு ஒப்பாரி, அடுப்படியில் இரகசியம் பேசும்போது வரும் தணிந்த குரல்; இவை எல்லாம் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன. சூடடிக்கும் களத்தில் பொலி கூறிய குரல் வன்னிக் கமக்காரருக்கு நினைவிருக்கும். கூத்தில் அரசனுக்கு ஒரு குரல், கட்டியகாரனுக்கு ஒரு குரல் என்று அண்ணாவியார் பழக்கியதைக் கண்டவர்களும் எம்மிடையே உண்டு.

ஆகவே குரல் இல்லை என்பதல்ல குறை. பத்துக் குரல் உள்ளவர் கூட்டத்தில் எழுந்ததும் ஒரே ஒரு குரலில் பேசுகிறார் என்பதுதான் குறை. அந்த ஒரு குரலும் எமது குரல்களுள் மிகவும் மெலிந்ததாக இருக்கிறது.

பயம் தொண்டையில் செய்யும் வேலை

இதற்குக் காரணம் கோழைத்தனம் அல்ல. உடம்பின் இயல்பு. குரல் உண்டாவது மூச்சினால். நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்வளையில் உள்ள இரண்டு குரல்நாண்களை அதிரச் செய்கிறது. தொண்டை, வாய், மூக்கு ஆகியவற்றில் அந்த அதிர்வு ஒலியாக உருப்பெறுகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் சேர எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுவதும் ஏறத்தாழ இதுவே.

பயம் வந்ததும் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது. பிரிமென்றகடு தாழ்ந்து வயிறு விரியும் ஆழ்ந்த மூச்சு வருவதில்லை. தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. இறுகிய நாண் விரைவாக அதிரும். ஆகவே குரல் உயர்ந்து கீச்சிடுகிறது. மூச்சுக் குறைவானதால் அது முடியுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு ஓடுகிறது. இப்படியாக உயர்ந்த, வேகமான, ஏற்ற இறக்கமற்ற ஒரே குரல் உண்டாகிறது. கேட்பவர் சற்று நேரத்தில் கேட்பதை விட்டுவிடுகிறார். ஓயாமல் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தின் சத்தம் சிறிது நேரத்தில் எமது காதுக்கு விழாமல் போவதில்லையா? அதைப் போன்றதுதான் இதுவும்.

பரிகாரமும் உடம்பிலேயே இருக்கிறது. எழுந்ததும் பேசத் தொடங்காதீர்கள். இரு காலும் நிலத்தில் ஊன்றி நின்று, வயிறு வரை ஒரு மூச்சு இழுத்து, அதைப் பாதி விட்டபின் முதற் சொல்லைச் சொல்லுங்கள். உங்களுக்கு இது நெடுநேரம் போலத் தோன்றும். சபைக்கு அது கண நேரமே.

தமிழ் வாக்கியத்தின் வால்

இனி இக்கட்டுரையின் முக்கியமான விடயத்துக்கு வருவோம். பின்வரும் நான்கு வாக்கியங்களையும் உரத்து வாசித்துப் பாருங்கள்.

எங்களுக்கு அந்தக் காணியைத் தந்தார்கள்.
எங்களுக்கு அந்தக் காணியைத் தரவில்லை.
எங்களுக்கு அந்தக் காணியைத் தருவார்களா?
எங்களுக்கு அந்தக் காணியைத் தர வேண்டும்.

முதல் மூன்று சொற்களும் நான்கிலும் ஒன்றே. நடந்ததா, நடக்கவில்லையா, கேள்வியா, கோரிக்கையா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசியில்தான் தெரிகிறது. தமிழின் அமைப்பு அப்படி. வினைச்சொல் கடைசியில் வரும். "இல்லை" என்பது அதற்கும் கடைசியில் வரும்.

ஆனால் மூச்சும் கடைசியில்தான் முடிகிறது! எவருடைய பேச்சிலும் வாக்கியம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைந்து குரல் தாழும். பயந்து பேசுபவருக்கு அது இன்னும் விரைவாகத் தாழும். எனவே "எங்களுக்கு அந்தக் காணியை" என்பது சபை முழுதும் கேட்கிறது. "தரவில்லை" என்பது பேசுபவரின் மார்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் "இல்லை" என்பதற்கான சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னர், வாக்கியத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடும். வாக்கிய முடிவில் குரலைத் தாழ்த்தினால் உறுதி தெரியும் என்று அம்மொழிப் பேச்சுக்கலைப் புத்தகங்கள் கூறும் ஆலோசனையை நாம் அப்படியே எடுத்துக்கொண்டால் எமது விடயமே காணாமற் போய்விடும்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வாக்கிய முடிவில் தொனி இறங்கலாம், அது இயல்பு. சத்தம் இறங்கக்கூடாது. தொனியை இறக்கி, சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு "தரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். கெஞ்சலும் இல்லாமல் கோபமும் இல்லாமல் ஓர் உறுதி அதில் தெரியும்.

எமது மாவட்டத்தில் இதற்கு இன்னுமொரு காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தமும் தமிழுக்கு அரச கரும மொழி என்ற இடத்தையும் நிருவாகத்தில் உரிய இடத்தையும் கொடுத்துள்ளன. எனினும் எதிரே இருக்கும் உத்தியோகத்தர் சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருந்தால் எமது பேச்சு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகவே அவரைச் சென்றடையும். சிங்களத்திலும் வினையும் மறுப்பும் கடைசியிலேயே வருகின்றன. எனவே மொழிபெயர்ப்பவர் எமது கடைசிச் சொல் காதில் விழும் வரை வாக்கியத்தை முடிக்க இயலாது. அந்தச் சொல் விழாவிட்டால் அவர் ஊகித்துச் சொல்வார். "தரவில்லை" என்பது "தந்தார்கள்" என்று பதிவாவதற்கு இவ்வளவே போதும்.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும் இடத்தில் ஒரு வாக்கியம், ஒரு நிறுத்தம் என்று பேசுங்கள். மூன்று வாக்கியங்களைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்று விழுந்துபோகும். பேசும்போது மொழிபெயர்ப்பவரை அல்ல, உத்தியோகத்தரையே பாருங்கள். அவருக்கு உங்கள் சொல் பிந்தித்தான் போய்ச் சேரும். குரல் முந்திப் போய்ச் சேர்ந்துவிடும்.

நான்கு கருவிகள்

மண்வெட்டி, கத்தி, கோடரி, அரிவாள் என்று கமக்காரனுக்குக் கருவிகள் இருப்பதைப் போலப் பேசுபவருக்கும் நான்கு கருவிகள் உண்டு.

1. சத்தம். சபையின் கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்கும் அளவே சரியான அளவு. உங்கள் ஊரவர் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவர் கையை உயர்த்தட்டும். எல்லாவற்றையும் உரத்துச் சொன்னால் எதுவும் உரக்கக் கேட்காது. துயரமான ஒரு செய்தியைச் சற்றுத் தணிந்த குரலில், ஆனால் தெளிவாகச் சொல்லும்போது சபை தானாகவே அமைதியடைவதைக் கண்டிருப்பீர்கள்.

2. தொனி. குரலின் ஏற்ற இறக்கம் இதுவே. கேள்விக்கு ஏறும், முடிவுக்கு இறங்கும். ஒரே வாக்கியத்தில் எந்தச் சொல்லை உயர்த்துகிறோமோ அதன்படி பொருளும் மாறும். "நாங்கள் போன வருடம் மனுக் கொடுத்தோம்" என்பதில் "நாங்கள்" என்பதை அழுத்தினால் மற்றவர்கள் கொடுக்கவில்லை என்று பொருள்படும். "போன வருடம்" என்பதை அழுத்தினால் இவ்வளவு காலமாகியும் பதில் இல்லை என்று பொருள்படும். "மனு" என்பதை அழுத்தினால் வாயால் மட்டும் கேட்கவில்லை, எழுதியே கொடுத்தோம் என்று பொருள்படும். எது உங்கள் விடயம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

3. வேகம். கதையை வேகமாகச் சொல்லலாம். எண்ணையும் பெயரையும் திகதியையும் மெதுவாகவே சொல்ல வேண்டும். "இரண்டு ஏக்கர், ஒரு றூட், பத்துப் பேர்ச்சஸ்" என்பதை ஒரே மூச்சில் சொன்னால் எழுதுபவர் ஏக்கரை மட்டுமே எழுதுவார். ஒரு நல்ல வழி உண்டு: உத்தியோகத்தரின் பேனாவைப் பாருங்கள். பேனா ஓடும்போது காத்திருங்கள். பேனா நின்றதும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

4. நிறுத்தம். பலருக்கு மிகவும் கடினமானது இதுதான். வாய் சும்மா இருக்கப் பயந்து "வந்து... வந்து...", "என்னெண்டா..." என்று இட்டு நிரப்புகிறோம். அந்த இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு எடுத்தால் போதும். முக்கியமான சொல்லுக்கு முன் நிறுத்தினால் சபை அதை எதிர்பார்க்கும். அச்சொல்லுக்குப் பின் நிறுத்தினால் சபை அதை நினைவில் கொள்ளும்.

எமக்கு முன் பேசியவர்கள்

இவை மேல்நாட்டிலிருந்து வந்த புதிய கலைகள் அல்ல. குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களே இருக்கின்றன. சபைக்கு அஞ்சுவது எமக்கு மட்டும் நேர்ந்த குறை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இலங்கையில் தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதியை மறப்பதில்லை. அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதற் பிரசங்கத்தைச் செய்தார். பின்னர் வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடந்தது. கிறிஸ்தவ மிஷனரிமாருடன் பணியாற்றி அவர்களது பிரசங்க முறையை நன்கு அறிந்திருந்த அவர், அதே முறையைச் சைவ சமயத்துக்குப் பயன்படுத்தினார். செய்யுளையும் உரையையும் கேட்டுப் பழகிய சபைக்கு வசனத்தில் நேராகப் பேசும் பேச்சு அன்று புதியது. "நாவலர்" என்ற பட்டம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் வழங்கியது.

கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்களில் தவக்காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கமும் குரலுக்காகவே எழுதப்பட்டது எனலாம். 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் ஆக்கிய ஒன்பது பிரசங்கங்கள் அவை. பெரிய படிப்பில்லாதவரும் அதை வாசித்துச் சபையை உருக்குவதற்குக் காரணம் நீட்ட வேண்டிய இடமும் நிறுத்த வேண்டிய இடமும் அவருக்குப் பழகியிருப்பதே.

வானொலியை எடுத்துக்கொண்டால், முகம் காட்டாமல் குரலால் மட்டும் வீடு வீடாகப் போனவர்கள் இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள். கே. எஸ். ராஜாவின் குரல் மூச்சு விடாமல் ஓடும். பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பு ஒவ்வோர் எழுத்தையும் துலக்கிக் காட்டும். இராஜேஸ்வரி சண்முகத்தின் குரல் இதமாகப் பேசும். மூவரும் மூன்று விதம். ஆனால் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மூவருமே விழுங்கியதில்லை. கமக்காரருக்கான நிகழ்ச்சியில் ஒலித்த "முகத்தார் வீடு" நாடகத்தை நினைவில் வைத்திருப்போருக்குத் தெரியும்: வீட்டுப் பேச்சின் ஏற்ற இறக்கத்தோடு சொல்லப்படும் விடயமே மனதில் நிற்கிறது.

ஒரே விடயம், இரண்டு குரல்

மாரியில் கலா ஓயா பெருகினால் பழைய மன்னார் வீதியில் எலுவன்குளம் சப்பாத்துப் பாலம் நீரில் மூழ்கிப் போக்குவரத்துத் தடைப்படுவதை அப்பகுதியார் அறிவர். இதைப் பற்றி ஒரு பெண் கூட்டத்தில் பேசுவதாகக் கற்பனையாக ஓர் உதாரணம் அமைப்போம். முதலில் வழமையான முறை:

"எல்லாருக்கும் வணக்கம் நான் வந்து என்ன சொல்ல வாறனெண்டா எங்கட பக்கத்தில வெள்ளம் வந்தா பாலத்துக்கு மேலால தண்ணி போறதால பிள்ளையளும் பள்ளிக்கூடம் போக ஏலாம கிளினிக்குக்கும் போக ஏலாம சரியான கஷ்டம் அதால நீங்கதான் பார்த்து ஏதாவது செய்யவேணும் இதை முந்தியும் சொன்னம் ஒண்டும் நடக்கயில்ல..."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. இனி அதே பெண், அதே விடயம். ஒரு கோடு உள்ள இடத்தில் சிறு நிறுத்தம், இரண்டு கோடு உள்ள இடத்தில் முழு மூச்சு.

"சேர், எங்கட வீடு பாலத்துக்கு அங்கால. / பள்ளிக்கூடம் இங்கால. // போன மாரியில் பாலத்துக்கு மேலால தண்ணி போனது. / மூண்டு நாள். // அந்த மூண்டு நாளும் எங்கட பிள்ளையள் பள்ளிக்கூடம் போகயில்லை. / கர்ப்பிணித் தாய் ஒராள் கிளினிக்குக்குப் போகயில்லை. // நாங்க கேக்கிறது ரெண்டு. / தண்ணி ஏறினா கடக்க ஒரு வள்ளம். / மாரி காலத்தில் எங்கட பக்கமே ஒரு நாள் கிளினிக். // இது எப்ப நடக்கும் எண்டு / இண்டைக்குச் சொல்லுங்க, சேர்."

இதை ஆறுதலாகப் பேசினாலும் ஒரு நிமிடம் ஆகாது. "மூண்டு நாள்" என்பது தனியே நிற்கிறது. சற்றுத் தணிந்த குரலில் சொன்னால் இன்னும் நன்று. "போகயில்லை" என்பது இரண்டு முறை வருகிறது. இரண்டிலும் சத்தம் குறையக்கூடாது. "ரெண்டு" என்று சொன்னதும் நிறுத்தினால் எழுதுபவர் தாளில் 1, 2 என்று இட ஆயத்தமாவார். கடைசி வாக்கியத்தில் "இண்டைக்கு" என்பதை உயர்த்த வேண்டும். பேச்சு வழக்கிலேயே பேசுவதில் வெட்கம் வேண்டாம். இரவல் வாங்கிய மேடைத் தமிழில் உங்கள் குரல் வராது.

கெஞ்சலும் வேண்டாம், அதட்டலும் வேண்டாம்

நிவாரண வரிசையில் நீண்ட காலம் நின்ற மக்களுக்கு ஒரு குரல் பழகிப்போகிறது. தலை குனிந்து, இழுத்து, அழுவதைப் போலக் கேட்கும் குரல். பொறுமை முடிந்தவர்களுக்கு வேறொரு குரல் வருகிறது. கையை நீட்டிக் கத்தும் குரல். இரண்டுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. எவரையும் குறை சொல்ல முடியாது. ஆயினும் முதலாவதைக் கேட்பவர் இரக்கப்பட்டு ஏதாவது கொடுத்து அனுப்புவார். இரண்டாவதைக் கேட்பவர் தம்மைக் காத்துக்கொள்வதிலேயே கவனமாக இருப்பார். இரண்டிலும் விடயம் பதிவாவதில்லை.

குளத்துத் தண்ணீரில் உங்கள் முறை வந்தபோது பக்கத்து வயல்காரரிடம் எப்படிச் சொல்வீர்கள்? "அண்ணன், இண்டைக்கு என்ர முறை. வாய்க்காலைத் திறந்து விடுங்க." இதில் அழுகை இல்லை, சண்டையும் இல்லை. உரிமை இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. கூட்டத்துக்கு வேண்டிய குரல் அதுவே. கண்ணீர் தானாக வந்தால் வரட்டும். நிறுத்தி, மூச்செடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். அதை வரவழைக்க முயல வேண்டாம். குரலில் வேற்றுமை என்பது நடிப்பு அல்ல. உள்ளதை உள்ளபடி கேட்கச் செய்வதே அதன் பயன்.

எல்லாம் சரியாகப் பேசினாலும் அன்றே முடிவு கிடைக்கும் என்பதில்லை. குரல் சட்டத்தை மாற்றாது. காணாமற்போன உறுதியைக் கொண்டுவராது. எனவே பேசியதை எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் கேட்டு வாங்குங்கள்.

பழகும் முறை

பேச்சும் பழக்கத்தினால் வருவதே. மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ ஐந்தாறு பேர் சேர்ந்தால் போதும். பின்வரும் பயிற்சிகளை ஒரு மாலை நேரத்தில் செய்து பார்க்கலாம்.

1. இருபது பாக தூரத்தில் இருவர் எதிரெதிரே நிற்கட்டும். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல, மற்றவர் அதன் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். "அக்கா, 'கிணறு' எண்டது கேட்டது, கடைசி கேக்கயில்லை" என்றால் மறுபடியும் சொல்லுங்கள். கத்தக் கூடாது, மூச்சைக் கடைசி வரை மிச்சம் பிடிக்கவே பழக வேண்டும்.

2. "நாங்கள் போன வருடம் மனுக் கொடுத்தோம்" என்ற வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லையும் மாற்றி மாற்றி அழுத்திச் சொல்லுங்கள். எந்தப் பொருள் வருகிறது என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

3. உங்கள் விடயத்தை ஐந்து சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். எழுத வராதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கலாம். நிறுத்த வேண்டிய இடங்களில் கோடு போடுங்கள். ஒருவர் உத்தியோகத்தராக இருந்து பேனா பிடித்து எழுதட்டும். பேசியவர் சொன்னதும் தாளில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.

4. கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். தம் குரலை முதன்முறை கேட்பவருக்கு அது பிறர் குரல் போலத் தோன்றும். தலையெலும்பு வழியாக வரும் ஒலி அதில் இல்லாததே காரணம், பயப்பட வேண்டாம்.

ஒலிவாங்கி தந்தால் அதைத் தட்டவோ ஊதவோ வேண்டாம். வாயிலிருந்து நான்கு விரற்கடை முதல் ஒரு சாண் வரை தள்ளிப் பிடியுங்கள். தலையைத் திருப்பும்போது ஒலிவாங்கியும் கூட வரட்டும். மின்சாரம் நின்றுவிட்டால் இரண்டு அடி முன்னே வந்து பேசுங்கள்.

தொண்டையையும் கவனிக்க வேண்டும். கூட்டத்துக்கு முன் தண்ணீர் குடியுங்கள். முதல் நாள் காவலில் கத்தியவருக்கு மறுநாள் குரல் அடைத்திருக்கும். அன்று வேறொருவர் பேசட்டும். புகையிலை, சுருட்டு, புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகியவை தொண்டைக்கும் வாய்க்கும் கேடு. குரல் அடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரியில் காட்டத் தவறாதீர்கள்.

கலந்துரையாடலுக்கு

உங்கள் ஊரில் கடைசியாக நடந்த கூட்டத்தில் யார் யார் பேசினார்கள்? பேசாதவர்கள் யார்? பெண்கள் எத்தனை பேர் எழுந்தார்கள்? சொல்லியும் பதிவாகாமற்போன விடயம் ஏதும் உண்டா? அது பதிவாகாமற்போனது சொல்லாததாலா, கேட்காததாலா?

அடுத்த கூட்டத்துக்கு இருவரைத் தெரிவு செய்யுங்கள். ஒருவர் பேச, மற்றவர் பின்வரிசையில் நின்று கேட்க. பின்வரிசையில் நிற்பவரின் பொறுப்பு ஒன்றே ஒன்றுதான்: கடைசிச் சொல் கேட்காதபோது கையை உயர்த்துவது.